எழுவாய் நீக்கப்பட்டது

"நான் முழுசாச் சொல்லி முடிக்கிறேன், அப்புறம் நீ..."

"முடிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க. கையெழுத்தைப் போட்டுட்டு வந்து கலந்து பேசலாம்னா, அதுக்குப் பேரு கலந்து பேசுறதா, காதுல போடுறதா?"

"உள்ள போனாத்தான் எதையாவது மாத்த முடியும்னு..."

"புலி வாய்க்குள்ள போன ஆடும் அப்படித்தான் நினைச்சிருக்கும். உள்ள போய் ஒரு பல்லையாவது ஆட்டிப் பாக்கலாம்னு."

"இத்தனை வருஷம் வெளியில நின்னு திட்டினேன். ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? இப்ப அவங்களே கூப்பிட்டு, எங்களுக்கு யோசனை சொல்லுங்கன்னு..."

"திட்டுற வாயை வாடகைக்கு எடுத்துட்டா வெளியில சத்தம் இருக்காதுல்ல. அதுக்குக் கூப்பிடுறாங்க."

இப்படி ஒருவர் வார்த்தை தரையில் விழுமுன் மற்றவர் மிதித்துக்கொண்டிருந்த இருவரும் கணவன் மனைவி. இடம், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே துணி காய்கிற சந்து. மனைவிக்குத் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. விலாசத்தைத் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாளே, அந்தப் பார்வையை அன்று வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். கணவர் நாளிதழ் ஒன்றில் அரசியல் செய்தியாளர். அன்று மாலை வரைக்கும்.

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'எழுவாய்'. இளைய நிருபர்கள் செய்தி எழுதிக்கொண்டு வந்து நீட்டினால், பார்த்த மாத்திரத்தில் ஒரு கேள்வி கேட்பார். "பாலம் இடிந்து விழுந்ததுன்னு எழுதியிருக்க. பாலம் என்ன, மனசு வெறுத்துப் போய் விழுந்துச்சா? கட்டினது யாரு, பாக்காம விட்டது யாரு? பாவம், பாலத்தைப் பிடிச்சு எழுவாயா நிறுத்தியிருக்க. நிஜ எழுவாயைக் கூட்டிட்டு வா." எழுவாய் கிடைக்காத செய்தியை அச்சுக்கு விடமாட்டார். ஊரில் அவர் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்ததென்றால் அந்த ஒரு பிடிவாதத்தால்தான். அமைச்சர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்ததென்றாலும் அதனால்தான்.

சண்டைக்கு நடுவே மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். அரசு மருத்துவமனையில் லிஃப்ட் ஆபரேட்டர். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"அத்தான் மேல போறாரா? நல்ல விஷயம்தானேக்கா. மேல போறதைப் பத்தி என்கிட்ட கேளு. தினம் நான்தானே ஆளைத் தூக்கி விடுறேன்."

"நீ தூக்கி விடுறவங்க இறங்கியும் வருவாங்கடா."

"அத்தானும் வருவார். தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார், இல்லையா அத்தான்?"

அத்தான் சிரித்தார். அந்த வீட்டில் தன்னை முழுசாக நம்புகிற ஒரே ஆள் இந்த மச்சினன்தான் என்று அவருக்குத் தெரியும். அத்தானைத் தவிர வேறு யாரும் சரியாக எழுதுவதில்லை என்று அவன் நம்பினான். அவர் எழுதியதைப் படித்ததும் இல்லை.

*

அவர் சேர்ந்த இடத்தின் பெயர் தெளிவுரைத் துறை. அரசாங்கம் செய்கிற காரியங்களுக்கு மக்கள் மத்தியில் தெளிவு உண்டாக்குவது அதன் பணி. அவருக்குக் கொடுத்த பதவி சொல்லாட்சி ஆலோசகர். சொல்லும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நான் இருக்கிறேன் என்று முதல் நாள் காலை தலை சீவும்போது பெருமையாக நினைத்துக்கொண்டார்.

வாசலில் கண்ணாடிக் கதவு. வழக்கமாகக் கதவில் 'தள்ளு' என்றிருக்கும், இல்லாவிட்டால் 'இழு' என்றிருக்கும். இதில் 'திறக்கப்படும்' என்று எழுதியிருந்தது. தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே ஒரு குமாஸ்தா மேஜைமேல் தாடையை ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி, "கதவைக் கொஞ்சம் திறங்க" என்றார் இவர்.

"திறக்கப்படும்னு போட்டிருக்குல்ல."

"யாரு திறப்பாங்க?"

"அது போடலையே," என்றார் குமாஸ்தா. குரலில் துளிக்கூடக் கேலி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து யாரோ வெளியே வந்தபோது, ஆலோசகர் ஒருக்களித்துப் புகுந்துகொண்டார். அந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள் என்பது போகப்போகத் தெரிந்தது.

இயக்குநர் அருமையான மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், பழைய கட்டுரைகளிலிருந்து வரிகளை ஒப்பித்தார். தன்னைத் திட்டிய வரிகளைக்கூட.

"உங்க எழுத்துக்கு நான் அடிமை ஐயா. எழுவாய் எங்கேன்னு கேப்பீங்களே, அந்த ஒரு கேள்வியிலதான் இந்தத் துறையே பிறந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. ஒரு நாட்டுல தப்பு நடக்கிறது சகஜம். அதை ஒருத்தர் பண்றாருங்கிறதுதான் தலைவலி. அந்த ஒருத்தரைத் தூக்கிட்டா, தப்பு வெறும் நிகழ்ச்சியாயிடும், மழை பெய்யற மாதிரி. மழை மேல யாராவது வழக்குப் போடுறாங்களா? குடை வாங்கிட்டுப் போயிடுறாங்க. மக்களை அந்தப் பக்குவத்துக்குக் கொண்டு வர்றதுதான் நம்ம சேவை."

"அப்ப என் வேலை?"

"எழுவாய் எங்க ஒளிஞ்சிருக்கும்னு உங்களை மாதிரி மோப்பம் பிடிக்கிற ஆள் வேற கிடையாது. இத்தனை நாள் கண்டுபிடிச்சு உள்ள போட்டீங்க. இனிமே கண்டுபிடிச்சு வெளிய எடுக்கணும். அதே மூக்குத்தான், வாசல்தான் வேற."

பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் தலையங்கம் எழுதியே ஒரு மந்திரிசபையைக் கதற வைத்தவர். 'நெருப்பு' என்றால்தான் தெரியும். இப்போது கம்பளிச் சட்டை போட்டு, காதுவரை மப்ளர் சுற்றி, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா? அணைஞ்சுட்டீங்களாண்ணே?"

"இல்லப்பா. இங்க ஏசி அதிகம்."

நெருப்பண்ணன் துறையின் அந்த வருட விருதை வாங்கியவர். டாக்டரே இல்லாத ஒரு மருத்துவமனையைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைக்கு அந்த விருது. 'அங்கே நோயாளிகளுக்கு இயற்கையாகக் குணமடையும் சூழல் ஏற்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அமைச்சரே ஒரு நிமிடம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாராம்.

முதல் வாரம் முழுக்கப் பள்ளத்தைப் பற்றிய கூட்டம். சாலையில் பள்ளம் என்ற சொல் மக்கள் மனத்தில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை உண்டாக்குகிறது என்று ஒரு துணைக்குழு கண்டறிந்திருந்தது. 'தாழ்நிலைச் சாலை' என்றார் ஒருவர். தாழ்வு என்ற சொல்லே கூடாது என்றார் இன்னொருவர். கடைசியில், பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை 'மேம்படுத்தப்பட்ட சாலை' என்று அழைப்பது என முடிவாயிற்று. ரோடெல்லாம் மேடு, நடுநடுவே பள்ளமாக இருந்தது வெறும் ரோடு. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பள்ளம் மட்டும் அங்கேயே இருந்தது, பெயர்கூட இல்லாமல்.

நம் ஆலோசகர் உள்ளே இருந்து மாற்றுவதற்குத்தானே போனார். மாற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் போய்ச் சேராத விவகாரத்தில், 'துறை அனுப்ப மறந்தது' என்று ஓர் அறிக்கையின் இடுக்கில் எழுவாயைச் செருகிவிட்டார். மறுநாள் அது 'துறை அளவில் மறதி காணப்பட்டது' என்று திரும்பி வந்தது. ஓரத்தில் இயக்குநர் கைப்பட ஒரு குறிப்பு: 'அன்புள்ளம் கொண்ட தவறு. மன்னிக்கப்பட்டது.'

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "காணப்பட்டது, எடுக்கப்பட்டது, ஏற்படுத்தப்பட்டது. பட்டது பட்டதுன்னு எழுதுறீங்களே, பட்டது யாருங்க?"

"இது இலக்கணம்."

"எங்க கவுண்டர்ல வந்து நிக்கறவங்க அத்தனை பேரும் பட்டவங்கதான். அவங்களுக்கு இலக்கணம் தெரியாது. அதனாலதான் இன்னும் வாயைத் திறந்து பேசுறாங்க."

*

லிஃப்ட் விழுந்தது ஒரு வேலை நாள் காலையில். மனைவிதான் போனில் சொன்னாள். "தம்பியோட லிஃப்ட் விழுந்துடுச்சுங்க." இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து, விழ விட்டது யாரு என்ற அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அவன் இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தான். அதே மருத்துவமனையின் கீழ்த்தள வார்டில், ஒரு காலைத் தூக்கிக் கட்டி, அதன் நுனியில் எடைக்கல் தொங்க, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கூட இருந்த இருவர் இல்லை. ஒருவர், கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்த பெரியம்மா. இன்னொருவர், அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்த ஆயா.

"நான் ஓட்ட மாட்டேன்னுதான் சொன்னேன் அத்தான். நாலு நாளாக் கயிறு முனகுது. பூட்டு போட்டு, போர்டு மாட்டிட்டேன். கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். மந்திரி வர்றார், இந்த நேரத்துல லிஃப்ட் நின்னா என் மானம் போயிடும், போர்டைக் கழட்டு, ஓட்டுன்னார். பழுதுன்னு அவருக்கும் தெரியும், நான்தான் சொன்னேனே. இல்லன்னா வேலையை விட்டுப் போன்னார். ஓட்டினேன்."

அவன் உதடு கோணிற்று. அக்கா துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் பெரியம்மா, கீழ வந்ததும் சொல்லுப்பா, எனக்குக் கண்ணு தெரியலன்னாங்க அத்தான். சரிம்மான்னேன்."

வார்டு முழுக்க மருந்து நெடி. யாருடைய டம்ளரோ உருண்டது. தம்பி கையை நீட்டி அத்தானின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமே இல்லை. நீங்க இருக்கீங்கல்ல. நடந்ததை நடந்த மாதிரி நீங்க எழுதிடுவீங்க."

மனைவி கணவரைப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக இல்லை, நேராக.

*

அலுவலகத்தில் கூட்டம் ஏற்கெனவே ஆரம்பித்து, வரைவும் தயாராக இருந்தது. 'மின்தூக்கி, திட்டமிட்ட நேரத்துக்கு முன்பாகவே தரைத்தளத்தை வந்தடைந்தது. பயணித்தவர்களில் இருவர், மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படாத நிலையை எய்தினர்.'

அதில் ஒரு சர்ச்சை. 'வந்தடைந்தது' என்பதா, 'சென்றடைந்தது' என்பதா? அமைச்சர் கீழே நின்றுகொண்டிருந்தால் வந்தடைந்தது, மேலே இருந்தால் சென்றடைந்தது. அமைச்சர் எங்கே இருந்தார் என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். பதில் வரும்வரை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப் போயிருக்காங்க," என்றார் ஆலோசகர். நின்றபடியே சொன்னார். "ரெண்டு பேர் செத்துப் போயிருக்காங்க. போர்டைக் கழட்டி ஓட்டச் சொன்னது கண்காணிப்பாளர். மந்திரி வர்றாருன்னு சொல்லி ஓட்டச் சொன்னது. அதை எழுதுங்க. எழுவாயோட எழுதுங்க."

அறையில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. இயக்குநர் மெதுவாக எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுக்குத்தான் ஐயா உங்களை எடுத்தோம். வெளியில வந்து பாருங்க, கேட் முன்னாடி சனம் கூடி நிக்குது. யார் பண்ணினதுன்னு கேக்குது. இந்தத் தடவை 'பட்டது' எடுபடாது. எழுவாய் வேணும். நீங்க எழுதுங்க, உங்க கையெழுத்தோடயே போகட்டும். உங்களைத்தான் நம்புவாங்க."

மனைவி சொன்னதெல்லாம் தப்பு, உள்ளே வந்தது வீண்போகவில்லை என்று அந்த ஒரு நொடி ஆலோசகர் நினைத்தார். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார்.

'லிஃப்ட் பழுது என்று தெரிந்திருந்தும் ஓட்டச் சொன்ன கண்காணிப்பாளரின் உத்தரவுப்படி ஆபரேட்டர் அதை ஓட்டினார்.'

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றார். "அந்த ஆபரேட்டர் என் மச்சினன். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது."

"மச்சினனா?" இயக்குநர் முகம் மலர்ந்தது. "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நம்பகத்தன்மைக்கு இதைவிட என்ன வேணும்? சொந்த வீட்டு ஆளையே விடலைன்னு ஊரே மெச்சுமே."

"அவனை எதுக்கு விடணும்? அவன் ஒண்ணும்..."

"வாக்கியம் அற்புதம். கொஞ்சம் நீளம். நெருப்பு, பாருங்க."

நெருப்பண்ணன் மப்ளரைத் தளர்த்திக்கொண்டு பேனாவை எடுத்தார். எதையும் சேர்க்கவில்லை, எதையும் மாற்றவில்லை. நடுவில் நான்கு சொற்களின் மேல் ஒரே ஒரு கோடு. 'ஓட்டச் சொன்ன கண்காணிப்பாளரின் உத்தரவுப்படி.' அவ்வளவுதான்.

மிச்சம் இருந்ததை இயக்குநர் உரக்கப் படித்தார். "லிஃப்ட் பழுது என்று தெரிந்திருந்தும் ஆபரேட்டர் அதை ஓட்டினார்."

"இது பொய்," என்றார் ஆலோசகர்.

"எந்த வார்த்தை பொய்?"

பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் எழுதியது. பழுது, நிஜம். ஓட்டியது, நிஜம். கண்காணிப்பாளரின் தலைமேல் அவர் வைத்த 'தெரிந்திருந்தும்', கண்காணிப்பாளர் போனதும், அடுத்து நின்றவன் தலையில் தானாக நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய பழைய பத்திரிகை அலுவலகத்தில் இப்படியொரு வாக்கியம் வந்திருந்தால் கையில் கொடுத்த நிருபரைக் கொன்றிருப்பார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாதா இது என்னன்னு?"

"தெரியும்ப்பா," என்றார் நெருப்பு, பேனாவை மூடிக்கொண்டு. "குளிருது."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வற்புறுத்தவே மாட்டோம்," என்றார் இயக்குநர். "நெருப்பு போடுவார். அவர் எழுதினா 'குடிபோதையில்'னு ஒரு வார்த்தை தானா வந்து விழுந்துடும், கை பழக்கம். உங்க மச்சினனுக்கு அது நல்லதா, இது நல்லதா? நீங்களே உள்ள இருந்து பாத்து முடிவு பண்ணுங்க."

இயக்குநர் தாளின் அடியில் வழக்கமான ஒரு வரியைச் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"கடைசி வரியைப் பாருங்க. 'சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' யார் எடுப்பாங்கன்னு போட்டிருக்கா? இல்ல. நான் சர்வீஸ்ல சேர்ந்த நாளா 'எடுக்கப்படும்'னு எழுதிட்டு வர்றேன். சத்தியமாச் சொல்றேன், இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட எடுக்கப்படலை. மருத்துவமனை கட்டப்படும்னோம், குடிநீர் வழங்கப்படும்னோம். எதாவது நடந்துச்சா? அப்புறம் இது மட்டும் எப்படி நடக்கும்? உங்க மச்சினன் பத்திரமா இருப்பார். இந்த அரசாங்கத்தை நீங்க நம்பலாம்."

அரசாங்கம் எதையும் செய்யாது என்று அரசாங்கமே கொடுத்த அந்த உறுதிமொழியை, அரசாங்கத்தின் வாக்கு எதையும் அதுவரை நம்பாத அந்த மனிதர் நம்பினார். கையெழுத்துப் போட்டார்.

*

போலீசார் தெளிவுரைத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. அவர்கள் கடைசி வரிவரை படிப்பதில்லை. முதல் வரியில் ஆள் இருந்தான், கட்டிலோடு இருந்தான், ஓட முடியாமல் இருந்தான்.

காலைப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அந்த வரி வந்திருந்தது. அவருடைய பழைய நாளிதழில் முதல் பக்கத்தில், அவர் பெயரோடு. அங்கே இருந்த இளைய நிருபர்களுக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. எழுவாய்தான் இருக்கிறதே. கேட் முன்னால் கூடியிருந்த சனம், அவரே எழுதிவிட்டார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று கலைந்து போயிற்று. கண்காணிப்பாளர் இதைவிடப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே இரண்டு லிஃப்ட். மதியத்துக்குள் ஆலோசகர் முதன்மை ஆலோசகராக உயர்த்தப்பட்டார். யார் உயர்த்தினார்கள் என்று உத்தரவில் இல்லை.

அவர் வார்டுக்குப் போனபோது கட்டிலின் ஒரு பக்கம் எடைக்கல் தொங்கியது, மறுபக்கம் விலங்கு. ஒரு வளையம் தம்பியின் மணிக்கட்டில், இன்னொன்று கட்டில் கம்பியில். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு போலீஸ்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கால்மாட்டில் நின்றாள். பத்திரிகை அவள் கையில் நாலாக மடிந்திருந்தது. வழி நெடுக அவர் தயார் செய்துகொண்டு வந்த பதில்களில் ஒன்றுக்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை. சண்டை போடாத மனைவியை அன்றுதான் அவர் பார்த்தார்.

"வாங்க," என்றாள். "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

தம்பி தலையைத் திருப்பினான். அவரைக் கண்டதும் முகத்தில் வெளிச்சம் வந்தது. விலங்கு மாட்டாத கையால் போலீஸ்காரரின் சட்டைக் கையைத் தொட்டு, இவர்தான் என்பது போல் காட்டினான்.

"வந்துட்டீங்களா அத்தான். எவனோ உங்க பேரைப் போட்டு எழுதிட்டான். இவர் காலையிலேருந்து நம்பவே மாட்டேங்கிறார். அது நீங்க எழுதலைன்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க அத்தான்."